படம் காட்டும் விளக்கின் நிறம்

(உத்திரமேரூரில் வாசகர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சில மாதங்களுக்கு முன்பு இவ்வூர் அன்பர்கள் சிலர், பழைய 16 மி.மீ. புரொஜெக்டர் ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்து, துடைத்து, எண்ணெயிட்டு, ஓட்டியும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்கள். யந்திரம் ஓடுகிறது, ஒலியும் கேட்கிறது, பல்பு ஒன்றுதான் போய்விட்டது, அந்த ரகப் பல்பு இப்போது கடைகளில் அகப்படுவதில்லை, அதற்குப் பதிலாக எல்.இ.டி. விளக்கு ஒன்றைப் பொருத்தலாமா, பொருத்துவதானால் எதை வாங்குவது, ‘வார்ம் ஒயிட்’டா ‘கூல் டேலைட்’டா என்பது அவர்களுடைய கேள்வி. கேள்வி சிறியது, மின்சாமான் கடையில் நிற்கும் பையன் ஒரு நிமிஷத்தில் விடை சொல்லி, பெட்டியையும் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவான். ஆனால் நம் நாட்டுப்புறங்களில் திரைப்படம் காட்டப்பட்ட வரலாற்றில் பாதிக்கு மேல் அந்தச் சிறிய கேள்விக்குள் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றிற்று. இன்றைய பேச்சுக்கு அதுவே காரணம். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும், சபை உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் விதிகளைக் கல்லில் வெட்டிவைத்த ஊரில் நின்றுகொண்டு, ஒரு விளக்கைத் தெரிந்தெடுப்பதைப் பற்றிப் பேசுவது சற்றுச் சிறுபிள்ளைத்தனமாகப் படலாம். ஆயினும், அந்தக் கல்வெட்டைப் படித்தவர்களுக்குத் தெரியும்: யார் வரலாம் என்பதைக் காட்டிலும் யார் வரக்கூடாது என்பதைத்தான் அது விஸ்தாரமாகச் சொல்லுகிறது. விளக்கு விஷயத்தில் நானும் அந்த முறையையே பின்பற்ற உத்தேசித்திருக்கிறேன்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் காட்டுவதற்கு உகந்த விளக்கு மிகுந்த பிரகாசம் உடையதும் அன்று. கண்ணுக்கு இதமானதும் அன்று. ஓட்டுகிறவருடைய ருசிக்கு இசைந்ததும் அன்று. அந்தப் படப்பிரதியைத் தயாரித்தவர்கள், இது இன்ன விளக்கின் முன்னால் ஓடப்போகிறது என்று எந்த வெளிச்சத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நிறங்களை நிதானித்தார்களோ, அந்த வெளிச்சத்துக்கு மிக அருகில் நிற்பதே உகந்த விளக்கு. மற்றவை எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

இது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, வர்ணப்பட நெகடிவிலிருந்து எடுக்கப்படும் பிரதி என்பது என்ன என்று கொஞ்சம் பார்க்கவேண்டும். படச்சுருளை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால், அதில் நீலமும் பச்சையும் சிவப்பும் நிறைந்திருப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அங்கே இருப்பவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மூன்று சாயங்களே: மஞ்சள், கருஞ்சிவப்பை ஒத்த மெஜந்தா, பசுநீலமான சயான். இவை மூன்றும் சுயமாக ஒளி தருபவை அல்ல. மஞ்சள் சாயம் நீல ஒளியை விழுங்குகிறது. மெஜந்தா பச்சை ஒளியை விழுங்குகிறது. சயான் சிவப்பை விழுங்குகிறது. விளக்கு கொடுத்ததில் இவை விழுங்கியது போக மிச்சம் எதுவோ, அதுதான் திரையில் விழுகிறது. ஆகவே விளக்கில் இல்லாத ஒரு நிறத்தை எந்தச் சாயமும் திரைக்குக் கொண்டுவர முடியாது. கோடம்பாக்கத்து லாபரட்டரிகளில் கிரேடிங் செய்கிறவர் என்று ஒருவர் இருந்தார். பெயர்ப்பட்டியலில் எங்கோ ஒரு மூலையில் வரும் மனிதர். காட்சிக்குக் காட்சி, ஷாட்டுக்கு ஷாட், பிரதி எடுக்கும் யந்திரத்தில் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று எண்களால் குறித்து, கதாநாயகியின் முகம் மத்தியானத்தில் எடுத்த ஷாட்டிலும் மாலையில் எடுத்த ஷாட்டிலும் ஒரே முகமாகத் தெரியும்படி செய்கிறவர் அவர். அவர் உட்கார்ந்து பார்த்த சிறிய அறையில் ஒரு குறிப்பிட்ட வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சத்தை மாற்றுகிறவன் அவர் செய்த கணக்கு முழுவதையும் மாற்றுகிறான்.

காஞ்சிபுரத்தில் பட்டு வாங்கிப் பழகிய பெண்களுக்கு இதை நான் சொல்லிக் கொடுக்கவேண்டியதில்லை. கடைக்குள் ட்யூப் லைட்டின் கீழே அரக்கு என்று சொல்லிக் காட்டிய புடைவையை, கடைக்காரர் முகம் சுளித்தாலும் பொருட்படுத்தாமல், வாசற்படிக்கு எடுத்துக்கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் முந்தானையை விரித்துப் பார்த்த பிறகே அவர்கள் விலை பேசுவார்கள். உள்ளே ஒரே நிறமாகத் தெரிந்த புடைவையின் உடலும் ரவிக்கைத் துணியும் வெளியே வந்ததும் இரண்டு நிறங்களாகப் பிரிந்துபோவது உண்டு. துணி மாறவில்லை, சாயம் மாறவில்லை, வெளிச்சம் மாறிற்று. படப்பிரதியின் சாயத்துக்கும் இதே நியாயந்தான்.

இனி, வெளிச்சத்தின் நிறத்தை எப்படி அளப்பது? பொருள்களைச் சூடேற்றினால் முதலில் சிவந்து, பிறகு மஞ்சளித்து, மேலும் சூடேற வெளுத்து, அதற்கும் மேலே போனால் நீலம் பாரிக்கும் என்பது இயற்கையின் விதி. அதனால் வெளிச்சத்தின் நிறத்தை ஓர் உஷ்ண நிலையாகவே சொல்லிவிடலாம் என்று விஞ்ஞானிகள் கண்டார்கள். அதைக் கெல்வின் என்ற அளவால் குறிக்கிறார்கள். மெழுகுவர்த்திச் சுடர் ஏறத்தாழ 1900 கெல்வின். வீட்டில் எரிந்த பழைய குண்டு பல்பு 2700 அல்லது 2800. புரொஜெக்டருக்கென்று செய்த இழை பல்பு 3200. உச்சி வெயில் 5500க்குச் சற்று முன்பின். இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. மாலையில் வயல்வெளியெங்கும் பம்ப் செட்டுகள் ஓடத் தொடங்கியதும் வோல்டேஜ் இறங்கி, வீட்டுப் பல்பின் இழை சிவந்த கம்பியாகத் தெரியும் காட்சியை இந்தப் பக்கத்தில் வயதானவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் இழை பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். நிறமும் 3200இலிருந்து 3060 கெல்வினுக்கு அருகே இறங்கிவிடும். படம் இருட்டாக இருக்கிறது என்று சனங்கள் சொல்லுவார்கள். படம் சிவந்தும் இருக்கிறது என்பதை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை.

சினிமா நம் தேசத்துக்கு வந்தபோது, இழை பல்புக்கு ஒரு பெரிய திரையை நிரப்பும் சக்தி இருக்கவில்லை. சுண்ணாம்புக் கட்டியை ஆக்ஸிஜன் கலந்த ஜ்வாலையில் காய்ச்சி வெண்மையான ஒளியை எழுப்பும் முறை, மின்சாரம் எட்டாத இடங்களில் படம் காட்டியவர்களுக்குக் கைகொடுத்தது. மின்சாரம் உள்ள இடத்தில் கார்பன் வில்விளக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மவுண்ட் ரோடில், இன்றைய அண்ணா சாலையில், ஆங்கிலேயர் ஒருவர் கட்டிய கொட்டகைக்கு எலெக்ட்ரிக் தியேட்டர் என்றே பெயர் வைத்தார். படத்தைவிட மின்சாரமே அன்று பெரிய வேடிக்கையாக இருந்திருக்கவேண்டும். அந்தக் கட்டடம் இன்றும் அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்துக்குள் நிற்கிறது. 1905ஆம் ஆண்டு திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படங்களையும் விலைக்கு வாங்கிக்கொண்டு, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டப் புறப்பட்டார். பின்னாளில் தமிழ்நாட்டுக் கிராமங்களை ஆண்ட டூரிங் டாக்கீஸ்களின் முதல் மூதாதை அவரே என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்த டூரிங் டாக்கீஸ்களைப் பற்றி எழுதியிருப்பவர்கள் எல்லோரும் மணலைக் குவித்து உட்கார்ந்ததையும், முறுக்கையும், சோடாவையும், இடைவேளைகளையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆபரேட்டர் அறைக்குள் எட்டிப் பார்த்தவர்கள் குறைவு. எனக்கு அந்த அறைதான் முக்கியம். புரொஜெக்டருக்குப் பின்னால் தகரத்தாலான லாம்ப் ஹவுஸ். அதன் மேல் புகை போக்கும் குழாய். உள்ளே குழிந்த கண்ணாடி ஒன்று. அதற்கு முன்னே, நுனிகள் ஒன்றையொன்று நோக்கியபடி இரண்டு கார்பன் குச்சிகள், மேலே தாமிரப் பூச்சுப் பூசியவை. ஆபரேட்டர் இரண்டு நுனிகளையும் ஒரு கணம் தொடவிட்டுப் பிரிப்பார். பிரித்த இடைவெளியில் வில் எழும். அப்புறம் படம் முடியும் வரை அவருடைய வேலை, கரைந்துகொண்டே இருக்கும் குச்சிகளைச் சிறிது சிறிதாக முன்னே தள்ளி, அந்த இடைவெளியை ஒரே அளவில் காப்பது. நேரே பார்த்தால் கண் போய்விடும். ஆகையால் லாம்ப் ஹவுஸின் பக்கத்தில் பதித்த கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பார். எரியும் குச்சி தன் இடத்தைவிட்டு ஒரு நூல் விலகினாலும் திரை ஒரு பக்கமாக நீலம் பாரிக்கும், அல்லது பழுப்பேறும். டீ குடிக்கப் போன ஆபரேட்டர் திரும்பி வருவதற்குள் கதாநாயகன் முகம் பழுத்துவிட்டால், கொட்டகையே சீழ்க்கை அடிக்கும். விளக்கின் நிறத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் பொதுமக்கள் வெளிப்படையாகத் தெரிவித்த கருத்து, என் அறிவுக்கு எட்டியவரை, அந்தச் சீழ்க்கை ஒன்றுதான்.

இந்தக் கார்பனிலும் இரண்டு ஜாதி உண்டு. சாதாரணக் கார்பனில் வெளிச்சம் தருவது, நேர்மின் குச்சியின் நுனியில் குழிந்து எரியும் கரியே. கரி ஏறத்தாழ 3800 கெல்வினில் ஆவியாகத் தொடங்கிவிடுகிறது. ஆகவே எத்தனை மின்சாரம் கொடுத்தாலும் அதன் வெண்மை அதற்குமேல் ஏறாது, மஞ்சள் கலந்த வெண்மையாகவே நிற்கும். இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தில் ஹைன்ரிக் பெக் என்ற ஜெர்மானியர், குச்சியின் நடுவில் சீரியம் முதலான அருமண் உப்புகளை அடைத்து, அதிக மின்சாரத்தைப் பாய்ச்சினால், அந்த உப்புகளின் ஆவி குழிக்குள்ளேயே நின்று சூரியனை ஒத்த வெள்ளொளியைத் தருவதைக் கண்டார். பெரிய தியேட்டர்களின் கார்பன் இதுதான். இதன் ஒளி 5000, 5500 கெல்வினை எட்டிற்று. சீரியம் எங்கோ அயல்நாட்டுச் சரக்கு என்று நினைக்கவேண்டாம். கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில் இருப்பதும் அதுவே. அந்த மணலை 1909ஆம் ஆண்டு ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய ரசாயனி அடையாளம் கண்டது, அங்கிருந்து ஏற்றுமதியான தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டிப்போன மண்ணைப் பார்த்துத்தான். அதே மோனசைட்டின் தோரியம் பெட்ரோமாக்ஸ் விளக்கின் மாண்டிலுக்குப் போயிற்று. கல்யாண ஊர்வலத்துக்கும் வெள்ளித்திரைக்கும் வெளிச்சம் கொடுத்த பொருள்கள் ஒரே மணலில் கலந்து கிடந்தன என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம் தரும் செய்தி.

கறுப்பு வெள்ளைப் படம் ஓடிய காலத்தில், இந்த நிற வித்தியாசங்களால் பெரிய அனர்த்தம் எதுவும் விளையவில்லை. காரணம் நம் கண்ணின் சுபாவம். இருட்டில் உட்கார்ந்திருக்கும் கண், திரையில் மிகப் பிரகாசமாக உள்ளதையே வெள்ளை என்று சற்று நேரத்தில் ஒப்புக்கொண்டுவிடுகிறது. 3800 கெல்வினில் காட்டினாலும் கதாநாயகனின் வேட்டி வெள்ளை வேட்டிதான். 5500இல் காட்டினாலும் அதேதான். கண் பொறுத்துக்கொள்ளாதது ஒன்று உண்டு: திடீரென்று நேரும் மாற்றம். இரண்டு புரொஜெக்டர் உள்ள தியேட்டரில், ஒரு ரீல் முடிந்து மறுபுரொஜெக்டருக்கு மாறும் அந்தக் கணத்தில், இரண்டு விளக்குகளும் ஒரே நிறமாக இல்லாவிட்டால், ஒரே காட்சி நடுவில் வெட்டுப்பட்டு இரண்டாகத் தெரியும். இதை நோக்கும்போது, ஒற்றைப் புரொஜெக்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ரீலுக்கும் இடைவெளி விட்ட டூரிங் டாக்கீஸ் ரசிகன், பட்டணத்துக் கனவான் அனுபவித்த ஒரு துன்பத்திலிருந்து தப்பித்தவன் என்று சொல்லவேண்டும்.

வர்ணம் வந்த பிறகு கதை வேறு. 1956இல் மாடர்ன் தியேட்டர்ஸ் வெளியிட்ட ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழில் முதல் முழுநீள வர்ணப்படம். கேவா கலரில் எடுத்தது. 1959இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தைக் கேவா கலரில் எடுத்து, லண்டனில் டெக்னிக்கலர் பிரதியாக மாற்றிக் கொண்டுவந்தார்கள். அறுபதுகளில் ஈஸ்ட்மன் கலர் வந்து நிலைத்தது. இந்தப் பிரதிகள் எல்லாம் வெள்ளொளி வீசும் கார்பனை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அவை நாளடைவில் சிறிய கொட்டகைகளுக்கும் வந்து, மஞ்சள் ஒளி வீசும் கார்பனுக்கு முன்னால் ஓடியபோது, நீல வானம் சாம்பலாகவும் பச்சை வயல் பழுப்பாகவும் தெரிந்ததில் வியப்பில்லை. கண் ஓரளவு சமாதானம் செய்துகொள்ளும். ஆனால் விளக்கிலேயே நீலம் குறைவாக இருந்தால், நீலமான இடங்கள் இருண்டுபோவதை எந்தக் கண்ணாலும் ஈடுசெய்ய முடியாது.

இந்த இடத்தில், சாஸ்திரம் படிக்காமலேயே சரியான விளக்கைத் தெரிந்தெடுத்த ஒரு கூட்டத்தாரைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. அவர்கள் இந்தக் கிராமங்களின் சிறுவர்கள். ஆபரேட்டர் வெட்டி எறிந்த துண்டுப் பிலிமைப் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். பழுதான குண்டு பல்பின் அடிப்பக்கத்தைப் பதமாகத் தட்டி உடைத்து, உள்ளிருக்கும் கம்பியை எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்புவார்கள், அது லென்ஸ். கதவையும் சன்னலையும் சாத்திய அறைக்குள் அப்பாவின் வேட்டியைத் திரையாகக் கட்டுவார்கள். வெளியே தெருவில் ஒரு பையன் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, வெயிலைக் கதவின் ஓட்டை வழியே உள்ளே அனுப்புவான். சூரியன் நகர நகர அவனும் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். வேட்டியில் எம்.ஜி.ஆர். தலைகீழாக நிற்பார், பிலிமைத் திருப்பிச் செருகினால் நேராகிவிடுவார். அசையாத படந்தான், ஆனால் நிறத்தைக் கேட்டால், முந்தின இரவு கொட்டகையில் பார்த்ததைவிட அது உத்தமம். உச்சி வெயிலின் 5500 கெல்வின், லாபரட்டரி எதிர்பார்த்த வெளிச்சத்துக்கு வெகு அருகில் இருந்ததே காரணம். ஒரு காசு செலவில்லாமல் அவர்கள் பெற்ற வெண்மையைத் தியேட்டர்காரர்கள் கார்பனாலும், அதற்கு நேர்மின்சாரம் கொடுக்கும் ரெக்டிஃபயராலும், ஆயிரக்கணக்கில் பணம் செலவழித்துத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கார்பனுக்குப் பிறகு செனான். ஜெர்மனியில் 1950களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்த இந்த விளக்கில், குவார்ட்ஸ் குமிழுக்குள் அடைபட்ட செனான் வாயுவில் வில் எரிகிறது. குச்சியைத் தள்ளும் வேலை இல்லை, புகை இல்லை; நிறம் 6000 கெல்வினுக்கு அண்மையில், முதல் நாள் போலவே கடைசி நாளும் ஏறக்குறைய மாறாமல் நிற்கும். குமிழுக்குள் அழுத்தம் அதிகமாகையால், மாற்றும்போது முகமூடி போட்டுக்கொள்ளவேண்டும் என்பது ஒன்றே அதில் உள்ள பயம். லாபரட்டரிகளின் பரிசோதனைத் திரைக்கு 5400 கெல்வின் என்று நிர்ணயித்தார்கள். படம் இல்லாமல் வெறும் வெளிச்சம் விழும்போது திரையின் பிரகாசம் 16 ஃபுட் லாம்பெர்ட் இருக்கவேண்டும் என்பது அதன் துணை விதி. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்கவேண்டும். நிறம் சரியாக இருந்து பிரகாசம் குறைந்தாலும், நிழலில் உள்ள சாயங்கள் சேறாகிவிடும். பல ஊர்த் தியேட்டர்களில் செனான் வந்த பிறகும் படம் மங்கலாகவே இருந்ததற்கு, ஆயுள் முடிந்த விளக்கை மாற்ற மனமில்லாத சிக்கனமே காரணம். 2010க்குப் பிறகு சில ஆண்டுகளுக்குள் படச்சுருளே தியேட்டரைவிட்டுப் போய்விட்டதால், அந்த அத்தியாயத்தை இத்துடன் விடுகிறேன்.

இனி அன்பர்களுடைய 16 மி.மீ. யந்திரத்துக்கு வருவோம். இது பள்ளிக்கூடங்களிலும், குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசார வண்டிகளிலும், திரைப்படச் சங்கங்களிலும் பயன்பட்ட ரகம். இதில் கார்பன் இல்லை; இழை பல்புதான். பிற்காலத்து யந்திரங்களில் 24 வோல்ட், 250 வாட் ஹாலஜன் பல்பு; நிறம் 3200, 3400 கெல்வின். இதை அறிந்த லாபரட்டரிகள் 16 மி.மீ. பிரதிகளை இரண்டு விதமாகத் தயாரித்துக் கொடுத்தன: இழை பல்பில் ஓட்டுவதற்கு ஒன்று, செனானில் ஓட்டுவதற்கு மற்றொன்று. முதல் வகையில், பல்பின் மஞ்சளை ஈடுகட்டும்படி பிரதியையே சற்று நீலமாக எடுத்திருப்பார்கள். அதைக் கொண்டுபோய் 6500 கெல்வின் ‘கூல் டேலைட்’ எல்.இ.டி. முன்னால் ஓட்டினால், உச்சி வெயிலில் எடுத்த காட்சியும் நிலவொளியில் எடுத்ததுபோல் நீலமாகத் தெரியும். ஆகையால், கடைக்காரப் பையன் முதலில் எடுத்துக் கொடுக்கும் அந்தப் பெட்டியை நான் முதலில் தள்ளிவிடுகிறேன்.

இழை பல்பையே வைத்துக்கொண்டு, முன்னால் நீலக் கண்ணாடி ஒன்றைச் செருகிப் பகல் ஒளியாக்கலாமே என்று ஒருவர் கேட்டார். ஆக்கலாம், ஆனால் 3200ஐ 5500 ஆக்கும் கண்ணாடி நான்கில் மூன்று பங்கு வெளிச்சத்தைத் தான் விழுங்கிக்கொண்டு ஒரு பங்கைத்தான் வெளியே விடும். இருக்கிற வெளிச்சமே போதாத யந்திரத்துக்கு இது ஆகாது.

அடுத்துத் தள்ளவேண்டியது, கெல்வின் எண் சரியாக இருந்தும் உள்ளே நிறம் குறைந்த விளக்கு. வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி.தான். அந்த நீலத்தைக் கண்டுபிடித்த ஜப்பானிய விஞ்ஞானிகள் மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்ததை நீங்கள் அறிவீர்கள். அந்த நீல எல்.இ.டி.யின் மேல் பாஸ்பர் என்ற, மஞ்சளாக ஒளிரும் பொருளைப் பூசி, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றும்படி செய்கிறார்கள். சுவரைப் பார்ப்பதற்கும் புத்தகம் படிப்பதற்கும் அது போதும். ஆனால் அதில் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு பள்ளம். ஆழ்ந்த சிவப்பில் பெரிய வறட்சி. முன்னே சொன்ன சயான் சாயம் வேலை செய்வதே அந்த ஆழ்ந்த சிவப்பில்தான். விளக்கில் அது இல்லாவிட்டால், அந்தச் சாயம் விழுங்கவும் ஒன்றுமில்லை, விடவும் ஒன்றுமில்லை. குங்குமம் செங்கல்லாகும், முகம் மண்ணாகும். உத்திரமேரூர் விதிப்படி, கணக்குக் காட்டாதவன் சபைக்கு வரத் தகுதியற்றவன்; சிவப்புக்குக் கணக்குக் காட்டாத விளக்கும் அப்படியே. பெட்டியின் மேல் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும்; விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு அது. அது 95க்குக் குறையக்கூடாது. அதற்குப் பக்கத்தில் ஆர்9 என்ற எண்ணும் போட்டிருந்தால், அதைக் கட்டாயம் பாருங்கள். அடர்ந்த சிவப்பை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதை அதுவே சொல்லும். அந்த எண்ணைப் போடாத கம்பெனிக்கு, போடாமல் இருக்க ஏதோ காரணம் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளலாம்.

மூன்றாவது, மினுக்கும் விளக்கு. மலிவான எல்.இ.டி. வீட்டு மின்சாரத்தோடு சேர்ந்து வினாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். புரொஜெக்டரின் ஷட்டரோ, அதன் இறகுகள் இரண்டா மூன்றா என்பதைப் பொறுத்து, வினாடிக்கு 48 அல்லது 72 தடவை வெளிச்சத்தை மறைத்துத் திறக்கும். இரண்டு தாளமும் மோதினால் திரையில் அலை அலையாகத் துடிப்பு எழும். நேர்மின்சாரத்தை ஒரே சீராகக் கொடுக்கும் டிரைவர் வேண்டும். விளக்கின் ஒளிரும் முகமும் சிறியதாக இருக்கவேண்டும். உள்ளங்கை அளவு பரந்த விளக்கை வைத்தால், ஒளியில் பெரும்பகுதி லென்ஸுக்குள் போகாமல் லாம்ப் ஹவுஸின் தகரத்தைத்தான் அலங்கரிக்கும். பழைய பல்புக்கு வைத்த வெப்பம் தடுக்கும் கண்ணாடி சற்றுப் பச்சை கலந்தது, எல்.இ.டி. வந்த பிறகு அதற்கு அங்கே வேலை குறைவு, எடுத்துவிட்டுப் பார்க்கலாம்.

இத்தனையும் தள்ளிய பிறகு மிஞ்சுவது எது? ஒரே விளக்குத்தான் வாங்க வசதி என்றால், சி.ஆர்.ஐ. 95க்கு மேற்பட்ட 4000 கெல்வின் விளக்கை நான் சொல்லுவேன். அது இரண்டு வகைப் பிரதிக்கும் முழுவதும் சொந்தமில்லை, இரண்டுக்கும் பகையுமில்லை, மிச்சத்தைக் கண் சமாளித்துக்கொள்ளும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அதுவே மிக நன்று; வெளிறிய நீலத்தில் காட்டிய கறுப்பு வெள்ளை எனக்கு எக்ஸ்ரே படத்தை நினைவூட்டுகிறது, இது என் சொந்த வெறுப்பு. இரண்டு விளக்கு வாங்க முடியுமானால், 3200இல் ஒன்று, 5400க்கு அருகில் ஒன்று என்று வாங்கி, மாற்றி மாற்றிப் பொருத்தும்படி ஒரு தகடு செய்துகொள்ளுங்கள்.

திரையையும் மறந்துவிடக்கூடாது. புது வேட்டியைத் தோய்த்துச் சொட்டு நீலம் போட்டுக் கட்டினால், விளக்கில் நீங்கள் கெல்வின் பார்த்து வாங்கியது எல்லாம் வீண், துணியே நீலம். நீலம் போடாத காடாத் துணியை நன்றாக வெளுத்துக் கட்டலாம். அதைவிட, பளபளப்பில்லாத வெள்ளை பூசிய சுவர் மேலானது.

கடைசியாக, சிவந்துபோன பிரதிகள். உங்கள் கைக்குக் கிடைக்கும் பழைய வர்ணப்பிரதிகளில் பாதி, ரோஜாப் பூ நிறத்தில் இருக்கும். ஈஸ்ட்மன் கலர், கேவா கலர் பிரதிகளில் சயான் சாயம் முதலில் வெளுத்து, மெஜந்தா மிஞ்சிவிடுவதால் வந்த நிலை அது; டெக்னிக்கலர் பிரதிகள் இந்த நோய்க்குத் தப்பின. நீலமான விளக்கை வைத்து இந்தச் சிவப்பைச் சரிசெய்துவிடலாம் என்று பலருக்கும் தோன்றும். சிவப்பைக் குறைக்கலாம், ஆனால் போன சயானைக் கொண்டுவர முடியாது. வானமும் வயலும் இருந்த இடத்தில் தகவலே அழிந்துவிட்டது. படம் இன்னும் இருண்டு, அழுக்கு ஊதாவாக மாறும், அவ்வளவே. அதற்கு மருந்து விளக்கில் இல்லை. மூலநெகடிவோ வேறு நல்ல பிரதியோ இருந்தால், அதைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கி நிறம் நிறமாகச் சீர்செய்வதே வழி. 1964இல் வந்த ‘கர்ண’னை அப்படிச் சீராக்கி 2012இல் மறுபடி வெளியிட்டபோது, இளைஞர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். சிவந்த பிரதியை அதற்குரிய விளக்கிலேயே ஓட்டுங்கள். ஓட்டுவதற்கு முன்னால், இது சாயம் போன பிரதி என்று சபைக்குச் சொல்லிவிடுங்கள்.

எந்தப் பிரதி எந்த விளக்குக்குச் செய்தது என்று கண்டுபிடிப்பது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். சில சமயம் ரீலின் தலைப்பில் குறித்திருப்பார்கள், பெரும்பாலும் குறித்திருக்கமாட்டார்கள். வெயிலில் எடுத்த காட்சி ஒன்றைத் தேடி, அதில் யாராவது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும் இடத்தில், இரண்டு விளக்கிலும் ஓட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஐந்து நிமிஷம் இடைவெளி விட்டு, கண்ணைப் பழையபடி ஆகவிட்டுப் பார்க்கவேண்டும். எதில் சட்டை சட்டையாகவும், பக்கத்தில் உள்ள முகம் முகமாகவும் தெரிகிறதோ, அந்த விளக்கின் எண்ணை டப்பாவின் மூடியில் எழுதாமல், டப்பாவின் உடம்பில் அழியாத மையால் எழுதி வையுங்கள். மூடிகள் ஒன்றுக்கொன்று மாறிப்போகும்.